விருந்தாளிச் சீட்டும் வியர்வைக் கூலியும்

பாஸ்போர்ட்டின் ஒரு பக்கத்திலே, மூன்று விரல் அகலத்தில் ஒரு முத்திரை விழுகிறது. தங்குவதற்கு நாள் இத்தனை என்கிறது. வந்தவர் பார்வையாளர் என்கிறது. வேலை பார்க்க உரிமை இல்லை என்கிறது. எழுத்தோ பொடி எழுத்து. மொழியோ அயல் மொழி. ஆனால் அந்த மூன்று விரல் அகலத்துக்குள்ளே ஒரு குடும்பத்தின் வாழ்வே அடங்கிக் கிடக்கிறது. அடகு வைத்த நகையும், மீட்டர் வட்டிக்கு வாங்கிய பணமும், தள்ளிப் போட்ட தங்கையின் திருமணமும் அங்கேதான் கிடக்கின்றன. அந்தச் சீட்டைப்பற்றியும், அதன் நாள் முடிந்தபின் நம்மவர் படும் பாட்டைப்பற்றியும் இன்று எழுத விரும்புகிறோம்.

மயிலாப்பூரிலே, அடையாற்றிலே, தியாகராய நகரிலே ஒரு தெருவைக் காட்டுங்கள், வெளிநாட்டிலே பிள்ளை இல்லாத தெருவை! காட்ட இயலாது. மாடி வீட்டிலும் உண்டு. அந்த மாடி வீட்டின் பின்புறம் ஒண்டிக்கொண்டிருக்கும் ஓட்டு வீட்டிலும் உண்டு. மாடி வீட்டுப் பிள்ளை கலிபோர்னியாவில் கம்ப்யூட்டர் முன் அமர்ந்திருக்கிறான். ஓட்டு வீட்டுப் பிள்ளை ஜொகூரிலோ துபாயிலோ சாரத்தின்மீது நின்றுகொண்டிருக்கிறான். இரண்டு வீட்டாருக்கும் ‘விசிட்’ என்ற சொல் தெரியும். சொல் ஒன்றுதான்; ஆனால் அதன் பொருள் இரண்டு!

மாடி வீட்டைப் பார்ப்போம். மகளுக்குப் பேறுகாலம். தாய் புறப்படுகிறார். அண்ணா மேம்பாலத்தருகே இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசா பெறுகிறார். விசாவிலே பத்தாண்டு என்று போட்டிருக்கும். பத்தாண்டும் அங்கே தங்கலாம் என்பதல்ல அதற்குப் பொருள். இறங்கியவுடன் அந்நாட்டு அதிகாரி எழுதும் நாள்தான் கணக்கு. ‘ஐ-94’ என்பார்கள் அதை. பெரும்பாலும் ஆறு மாதம். பேரக்குழந்தைக்கு உடல்நலம் சரியில்லை, இன்னும் சில மாதம் இருந்தாக வேண்டும் என்றால், அந்த நாள் தீர்வதற்கு முன்பே ‘ஐ-539’ என்னும் மனுவைப் போட வேண்டும். 45 நாள் முன்னதாகவே போடுங்கள் என்று அந்த அரசே அறிவுரை சொல்கிறது. உரிய காலத்தில் போட்ட மனு நிலுவையில் இருக்கும்வரை, அவர் தங்கியிருப்பது சட்டவிரோதத் தங்கலாகக் கணக்கிடப்படுவதில்லை. போடாமல் 180 நாளுக்குமேல் தங்கிவிட்டுத் திரும்பினால், மூன்றாண்டு அந்த நாட்டு மண்ணை மிதிக்க முடியாது. ஓராண்டைத் தாண்டினால் பத்தாண்டு முடியாது. 1996-இல் அவர்கள் இயற்றிய சட்டம் அது.

அந்தத் தாய்க்கு இவையெல்லாம் தெரியுமா? தெரிய வேண்டியதில்லை! மகளுக்குத் தெரியும், மருமகனுக்குத் தெரியும், வக்கீல் இருக்கிறார். அந்தத் தாயின்மீது நமக்குப் பொறாமை இல்லை. பேரக்குழந்தையைத் தொட்டிலில் இட்டுத் தாலாட்டும் கை எந்த வீட்டுக் கையாயினும் அது தாயின் கைதான். நாம் கேட்பதெல்லாம் ஒன்றே: அந்தத் தாய்க்குக் கிடைக்கும் அறிவும் துணையும், ஓட்டு வீட்டுப் பிள்ளைக்கு ஏன் கிடைக்கவில்லை?

இனி அவன் கதையைக் கேளுங்கள். கதையல்ல, கண்ணீர்!

கொத்து வேலை தெரிந்தவன். குழாய் வேலை தெரிந்தவன். கம்பி கட்டத் தெரிந்தவன். உள்ளூர்க் கூலி உலைக்குப் போதவில்லை. ஏஜெண்டு வருகிறான். முன்பு ‘கங்காணி’ என்று வந்தவனின் புது உருவம் இவன். அன்று தலையில் முண்டாசு. இன்று கையில் செல்போன். “தம்பி, முதலில் விசிட்டில் போ. அங்கே போனதும் பெர்மிட் மாற்றித் தருகிறேன். இல்லாவிட்டால் பாஸை நீட்டித் தருகிறேன். ஒன்றும் ஆகாது” என்கிறான். ‘ஒன்றும் ஆகாது’ என்ற அந்த இரண்டு சொல்லுக்கு விலை இலட்சக்கணக்கில் வாங்குகிறான்!

என்ன ஆகிறது என்று சட்டம் சொல்கிறது, படிப்போம்.

மலேசியாவுக்கு இந்தியர் 30 நாள் விசா இல்லாமல் போய்வரலாம் என்று 2023 டிசம்பர் முதல் நாளில் கதவு திறந்தார்கள். சுற்றிப் பார்க்க வருவோர்க்காகத் திறந்த கதவு அது. சாரம் கட்ட வருவோர்க்காக அல்ல. 31-ஆம் நாள் விடியும்போது, பாஸ் முடிந்தவன் அந்நாட்டுக் குடிவரவுச் சட்டப்படி குற்றவாளி. குறைந்தது பத்தாயிரம் ரிங்கிட் அபராதம், அல்லது ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பத்தாயிரம் ரிங்கிட்டைக் கண்ணால் கண்டிருப்பானா அவன்?

சிங்கப்பூரிலோ, பாஸ் முடிந்து 90 நாளுக்குமேல் தங்கிப் பிடிபட்டால் ஆறு மாதம் வரை சிறை. அதோடு குறைந்தது மூன்று பிரம்படி. ஆம், பிரம்படி! பார்வையாளர் பாஸில் வேலை பார்த்தால் இருபதாயிரம் வெள்ளி வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சிங்கப்பூரிலே இப்போது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை. பாஸ் மின்னஞ்சலில் வருகிறது. வருகை அட்டையை நிரப்புபவன் ஏஜெண்டு. அதிலே அவன் எழுதுவது தன்னுடைய மின்னஞ்சல் முகவரி. பாஸ் ஏஜெண்டுக்குப் போகிறது. பிரம்படி தொழிலாளிக்கு வருகிறது! எந்த நாளோடு முடிகிறது என்பதே தெரியாமல், நாளை எண்ணுவது எப்படி?

அமீரகத்தில் மிகைத்து நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் 50 திர்ஹம் அபராதம் ஏறிக்கொண்டே போகும். நூறு நாள் நின்றால் ஐயாயிரம். கூலி ஏறுவதில்லை, அபராதம் ஏறுகிறது! அங்கே, உண்மையான முதலாளி கிடைத்து அவர் முறைப்படி அனுமதி பெற்றால், விசிட்டிலிருந்து வேலை விசாவுக்கு மாறவும் வழி உண்டு. அந்த ஒரு வழியைக் காட்டித்தான் நூறு பொய் விற்கிறார்கள் தரகர்கள். அனுமதி கைக்கு வருமுன் வேலையில் இறங்கினால் அது குற்றமே.

“தெரிந்துதானே போனான்? சட்டத்தை மீறியவனுக்கு இரக்கம் எதற்கு?” என்று கேட்போர் உண்டு. நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்கும் கேள்வி அது. ஆயினும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

எந்த நாட்டுக்கும் தன் வாசலுக்குக் காவல் வைக்கும் உரிமை உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. நம் வீட்டுக்கு விருந்துக்கு வந்தவர், கேளாமலே கூடத்தில் கட்டில் போட்டுக்கொண்டால் நாமும் ஏற்க மாட்டோம். சட்டத்தை மீறுங்கள் என்று இந்த ஏடு என்றும் எழுதாது. ஆனால் நாம் கேட்கிறோம்: மீறியவன் ஒருவன்தானா? விசிட்டில் வந்தவன் என்று அறிந்தே வேலை வாங்கிய முதலாளி யார்? விசிட்டில் அனுப்பி வைத்த ஏஜெண்டு யார்? அகப்பட்டவன் ஒருவன், அகப்படாதவர் இருவர். இதுவா நீதியின் தராசு?

அமீரகம் 2024-இல் தன் சட்டத்தைத் திருத்தி, அனுமதியில்லாமல் ஆளை வேலைக்கு வைக்கும் முதலாளிக்கு ஒரு இலட்சம் திர்ஹம் முதல் பத்து இலட்சம் திர்ஹம் வரை அபராதம் என்று ஆக்கியது. அதே ஆண்டு செப்டம்பர் முதல் டிசம்பர் வரை, பாஸ் முடிந்தவர்கள் அபராதமின்றி ஊர் திரும்பவோ முறைப்படுத்திக்கொள்ளவோ பொதுமன்னிப்பும் கொடுத்தது. மலேசியாவும் 2024 மார்ச் முதல், நாள் கடந்து தங்கியவர் 500 ரிங்கிட் கட்டிவிட்டு வழக்கின்றி ஊர் திரும்பலாம் என்று ஒரு திட்டம் நடத்தியது. அயல் அரசுகளுக்கே தெரிகிறது, பிடிபட்டவனைச் சிறையில் அடைத்துக்கொண்டே போவதால் மட்டும் தீராது இது என்று. நம்மைச் சேர்ந்தவர்களுக்கு அல்லவா அது முதலில் தெரிந்திருக்க வேண்டும்?

ஏன் விசிட்டிலே அனுப்புகிறான் ஏஜெண்டு? இந்தக் கேள்விக்கு விடை, நம் நாட்டுச் சட்டத்தின் ஓட்டையிலே இருக்கிறது.

1922-இல் வெள்ளையர் ஆட்சியில் ஒரு குடிபெயர்வுச் சட்டம். அதை மாற்றி 1983-இல் ஒரு சட்டம். பத்தாம் வகுப்பைத் தாண்டாத தொழிலாளி, மலேசியாவும் வளைகுடா நாடுகளும் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதானால், குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி பெற வேண்டும். சென்னையிலும் அந்த அலுவலகம் உண்டு. அனுமதி பெறும்போது ஒப்பந்தம் காட்ட வேண்டும். கூலி எவ்வளவு என்று காட்ட வேண்டும். விபத்தில் மாண்டால் பத்து இலட்சம் ரூபாய் தரும் காப்பீடு எடுக்க வேண்டும். அனுப்பும் ஏஜெண்டு பதிவு பெற்றவனாக இருக்க வேண்டும்; கட்டணமாக 30,000 ரூபாய்க்கும் அதன்மேல் வரிக்கும் மேலே ஒரு காசு வாங்கக்கூடாது. பதிவில்லாமல் ஆள் பிடித்தால் இரண்டாண்டு வரை சிறை.

நல்ல சட்டம்தான்! ஆனால் இவையெல்லாம் ‘வேலைக்குப் போகிறவன்’ என்றால்தான். ‘பார்க்கப் போகிறேன்’ என்று சொல்லிவிட்டால்? ஒப்பந்தம் வேண்டாம், காப்பீடு வேண்டாம், பாதுகாவலரின் கையெழுத்து வேண்டாம், கட்டணத்துக்கு வரம்பும் வேண்டாம்! கோட்டைக்கு இரும்புக் கதவு போட்டுப் பூட்டிவிட்டு, பக்கத்திலே திட்டிவாசலைத் திறந்து வைத்திருக்கிறார்கள். ஏஜெண்டு எந்த வாசலால் அழைத்துச் செல்வான்? குழந்தைக்கும் தெரியுமே!

அதன் விளைவைப் பாருங்கள். திட்டிவாசலால் போனவன் எந்தப் பேரேட்டிலும் தொழிலாளி அல்லன். கூலி கொடுக்கவில்லை என்று வழக்குப் போட ஒப்பந்தம் இல்லை. சாரத்திலிருந்து விழுந்தால், ‘சுற்றிப் பார்க்க வந்தவர் தவறி விழுந்தார்’! சுற்றிப் பார்க்க வந்தவன் ஏன் பத்தாவது மாடியில் சிமெண்டுச் சட்டியோடு நின்றான் என்று கேட்க நாதியில்லை. வேலை செய்தவன் கணக்கில் இல்லை. செய்த வேலை மட்டும் வானளாவி நிற்கிறது.

2022-இல் நடந்ததை நினைவூட்டுகிறோம். கம்ப்யூட்டர் வேலை என்று தாய்லாந்துக்கு அழைத்துச் செல்லப்பட்ட இளைஞர்கள், எல்லை கடத்தி மியான்மருக்குக் கொண்டுபோகப்பட்டு, இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் அவர்களில் 13 தமிழர் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தனர். படித்த பிள்ளைகள்தாம்! எழுதப் படிக்கத் தெரிந்தவனையே ஏமாற்றும் திட்டிவாசல், எழுத்து கூட்டிப் படிப்பவனை விட்டுவிடுமா?

தமிழனுக்கு இந்தச் சீட்டின் கொடுமை புதிதன்று. இலங்கையின் மலைகளிலே தேயிலையை நட்டவர்கள் நம் மக்கள். 1948-இல் ஒரு குடியுரிமைச் சட்டம் வந்தது. பிறந்த மண்ணிலேயே அவர்கள் அந்நியரானார்கள். 1964 அக்டோபர் 30-ஆம் நாள் இரண்டு பிரதமர்கள் கையெழுத்திட்டார்கள்: 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வோம் என்று! 1974-இல் அந்த மீதியையும் பாதிக்குப் பாதி பங்கிட்டார்கள். ஆட்டு மந்தையைப் பங்கிடுவோர்கூட ஆட்டின் முகத்தைப் பார்ப்பார்கள். இங்கே யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. இலங்கையிலே எஞ்சியிருந்தோர்க்கு முழுமையாக வழி பிறந்தது 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தால். 55 ஆண்டுகள்! ஒரு தலைமுறை பிறந்து, கொழுந்து கிள்ளி, மூத்து, மாண்டது சீட்டு இல்லாமலே. பர்மாவில் 1964-இல் கடைகள் அரசுடைமையாக்கப்பட்டபோது, கட்டிய துணியோடு கப்பலேறி வந்தவர்களின் பெயரைச் சென்னைக் கடற்கரைச் சாலையில் ஒரு கடைவீதி இன்றும் தாங்கி நிற்கிறது.

உழைப்பை வாங்கிக்கொள்வார்கள், உழைத்தவனைக் கணக்கிலிருந்து அடித்துவிடுவார்கள். அன்றும் அதுதான், இன்றும் அதுதான்.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். பார்க்க மறுத்தால் நாம் நேர்மையானவர்கள் அல்ல. பிறர் நாட்டிலே நம்மவர்க்கு நீதி கேட்கும் நாம், நம் நாட்டுக்கு வந்தவர்க்கு என்ன நீதி வைத்திருக்கிறோம்? 1983-க்குப் பின், குண்டுக்கும் தீக்கும் தப்பி இராமேசுவரக் கரையில் இறங்கிய ஈழத் தமிழர் இங்கே ஆண்டுக்கணக்கில் வாழ்கின்றனர். முகாமிலே பிறந்த பிள்ளை முகாமிலேயே பிள்ளை பெற்றாயிற்று. 2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாட்டவர்க்கு இடம் தந்தது. இலங்கைத் தமிழர்க்கு இடம் இல்லை. 2015 ஜனவரி 9-ஆம் நாள் வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்க்கு, பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாமைக்காகத் தண்டனை இல்லை என்று மத்திய அரசு 2025 செப்டம்பரில் உத்தரவிட்டது. வரவேற்கிறோம், மனமார வரவேற்கிறோம். ஆனால் ‘தண்டனை இல்லை’ என்பது வேறு, ‘உரிமை உண்டு’ என்பது வேறு. முன்னதைத் தந்த கை பின்னதையும் தர வேண்டும். அப்போதுதான் கோலாலம்பூரிலே, துபாயிலே நாம் நீட்டும் மனுவுக்கு எடை கூடும்.

ஆகவே, ஆளவந்தோரை நோக்கிச் சில சொல்கிறோம்.

1983-ஆம் ஆண்டின் சட்டத்துக்கு மாற்றாக 2021-இல் ஒரு வரைவும், 2025-இல் ஒரு வரைவும் மத்திய அரசால் வெளியிடப்பட்டன. வரைவுகள் வரட்டும், ஆனால் எந்தச் சட்டமாயினும், வேலை தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கி, விசிட்டில் அனுப்புவதும் ஆள் பிடிப்பதே என்று ஐயத்துக்கு இடமின்றி எழுதுங்கள். பிடிப்பவன் தலை ஏஜெண்டாயினும், அவனுக்குக் கீழே ஊர் ஊராகத் திரியும் சப்-ஏஜெண்டாயினும் ஒரே குற்றம் ஆக்குங்கள். வாங்கிய பணத்தை வட்டியோடு திருப்பிக் கொடுக்க வையுங்கள்.

அயல்நாட்டு இந்தியத் தூதரகங்களில் 2009 முதல் இந்தியர் நல நிதி என்று ஒன்று இருக்கிறது. கதியற்று நிற்பவனுக்கு விமானச் சீட்டு எடுக்கவும், சிறு அபராதங்களைக் கட்டவும் அதிலே இடம் உண்டு. அப்படியொரு நிதி இருப்பதே தொழிலாளிக்குத் தெரியாது! தமிழர் மிகுந்துள்ள ஊர்களில், தமிழில் பேசி, தமிழில் மனு வாங்கும் மேசை ஒன்று போடுங்கள். பொதுமன்னிப்பு அறிவிக்கப்படும் நாட்களில், அலுவலகத்தில் உட்கார்ந்திராமல் தொழிலாளர் தங்கும் கொட்டகைக்கே செல்லுங்கள்.

வெளிநாடு வாழ் தமிழர் நலனுக்கென்று தமிழக சட்டமன்றம் 2011-இலேயே சட்டம் செய்தது. ஆண்டுதோறும் ஜனவரி 12-ஆம் நாள் அயலகத் தமிழர் நாள் கொண்டாடப்படுகிறது. கொண்டாட்டம் வேண்டும், கோட் அணிந்த தமிழன் மேடையிலே அமரட்டும். கூடவே, சிமெண்டுத் தூசி படிந்த தமிழனுக்கும் அந்த மேடையில் ஒரு நாற்காலி போடுங்கள். அவன் சொல்வதைக் கேட்டபின் திட்டம் தீட்டுங்கள்.

அரசுக்குச் சொன்னோம், இனி, தோழர்களே, உங்களுக்குச் சொல்கிறோம்.

கிளைக்கு ஒரு படிப்பகம் வைத்திருக்கிறோம். அங்கே ஏடு படிக்கிறோம், உலகம் பேசுகிறோம். இனி ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம், அயல்நாடு செல்ல இருக்கும் தம்பியின் காகிதங்களையும் அங்கே விரித்துப் படியுங்கள். படித்த தோழர் ஒருவர் போதும். பார்க்க வேண்டியவை அதிகமில்லை.

கையில் இருப்பது வேலை விசாவா, விசிட்டா? விசிட் என்றால், “அங்கே போய் மாற்றலாம்” என்ற பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். ஏஜெண்டு பதிவு பெற்றவனா? ‘இ-மைக்ரேட்’ என்னும் அரசு இணையத்தளத்திலே பட்டியல் இருக்கிறது, செல்போனிலேயே பார்க்கலாம். கேட்கும் பணம் வரம்புக்குள் உள்ளதா? கொடுத்ததற்கு இரசீது உண்டா? வருகை அட்டையில் எழுதிய மின்னஞ்சல், போகிறவனுடையதா, தரகனுடையதா? பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து வீட்டில் ஒரு பிரதி வைத்தாயிற்றா?

ஏற்கெனவே போய்விட்டவர் வீட்டுக்கும் செல்லுங்கள். விசாவில் உள்ள நாள் வேறு, தங்க விட்ட நாள் வேறு. தங்க விட்ட நாள்தான் கணக்கு என்று சொல்லுங்கள். நோயாலோ சாவாலோ விமானம் இல்லாமையாலோ நீட்டிப்புக் கேட்க வேண்டியிருந்தால், நாள் முடிவதற்கு முன்பே கேட்க வேண்டும். முடிந்தபின் கேட்பது மனுவல்ல, வாக்குமூலம் ஆகிவிடும் என்று சொல்லுங்கள். நீட்டிப்பு நம் உரிமையல்ல, அந்நாட்டார் தந்தால் உண்டு. தந்தாலும் அது தங்குவதற்குத்தான், உழைப்பதற்கு அல்ல என்று சொல்லுங்கள். நாள் தவறிப்போயிருந்தால், ஒளிந்து ஒளிந்து ஆண்டைக் கூட்டாமல், தூதரகத்தின் கதவைத் தட்டச் சொல்லுங்கள். ஒளிந்திருக்கும் ஒவ்வொரு நாளும் அவன் முதலாளிக்கு இலாபம், அவனுக்கு நட்டம். ஏனென்றால் ஒளிந்திருப்பவன் கூலி கேட்க முடியாது.

மாடி வீட்டுத் தாய்க்கு மகள் படித்துச் சொல்கிறாள். ஓட்டு வீட்டுப் பிள்ளைக்குப் படித்துச் சொல்ல யார் இருக்கிறார்கள்? நாம் இருக்கிறோம் என்று சொல்லத்தான் இயக்கம். தமிழன் எந்த நாட்டுக்கும் போகட்டும். கடல் கடந்து பொருள் தேடுவது நம் மரபு. ஆனால் போகிறவன் விருந்தாளி வேடத்தில் போய்க் கள்ளனாகத் திரும்ப வேண்டாம். தொழிலாளியாகப் போகட்டும், ஒப்பந்தத்தோடு போகட்டும், தொழிலாளியாகவே, தலை நிமிர்ந்து திரும்பட்டும்.

இந்த ஞாயிறே தொடங்குங்கள், தோழர்களே! நீங்கள் விரிக்கும் முதல் பாஸ்போர்ட்டிலேயே, காப்பாற்ற வேண்டிய ஒரு குடும்பம் இருக்கக்கூடும்.